'வணக்கம்' போட்ட பிறகு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். எழுதி வச்சாத்தான் எனக்கே நம்பிக்கை வரும். அதான் எழுதுறேன்.

'மூணு நாள் படங்கள்'னு ஒரு பிளாக் வச்சுக்கிட்டு, தியேட்டர்ல மூணு நாளுக்கு மேல ஓடாத படமாத் தேடிப் பிடிச்சு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்து பாத்து, விமர்சனம்னு பக்கம் பக்கமா எழுதி... யாருக்காக? எடுத்தவங்களே மறந்து போன படங்க. நடிச்சவங்க பேரு அவங்க தெருவுக்கே தெரியாது. படிக்கிறவங்க கணக்கப் பாத்தா அதுல பாதி நான்தான். வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு தடவை, போன்ல ஒரு தடவை, ஸ்கேன் சென்டர்ல யாரும் கவனிக்காதப்ப ஒரு தடவை.

வெள்ளிக்கிழமை பிரமிளா கேட்டதுதான் கிடந்து குடையுது. ஸ்கேன் சென்டர்ல எனக்குப் பக்கத்து சீட்டு அவளுக்கு. நான் ரிப்போர்ட் டைப் அடிப்பேன், அவ டோக்கன் போடுவா. கெட்ட எண்ணத்துல ஒண்ணும் கேக்கல. சாம்பார் சாதத்தப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டா. "ஏக்கா, யாருமே பாக்காத படத்தப் பத்தி எழுதினா அத யாருக்கா படிப்பா? நல்லா ஓடுன படத்தப் பத்தி எழுதலாம்லா?"

ஊறுகாய் வேணுமான்னு கேட்டேன்.

இவர்கிட்ட சொன்னேன். இவர்னா என் வீட்டுக்காரர், தாமோதரன். மெயின் ரோட்டுல ஹார்டுவேர் கடை. ஞாயித்துக்கிழமை கடைய மூடிட்டு வந்து என்கூட படம் பாக்க உக்காருவார். பேர் போட்டு முடியுறதுக்குள்ள குறட்டை வந்துரும். நிறுத்தப் போறேன்னு சொன்னதும் மனுசனுக்கு முகம் வாடிப் போச்சு.

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் எங்க தூங்குறது?"

"கட்டில்ல தூங்குங்க."

"கட்டில்ல வராது செம்பகம். உன் படத்துலதான் வரும்."

இந்தப் படங்களுக்கு இதைவிடச் சரியான விமர்சனத்த நான்கூட எழுதினது இல்ல.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில தோசை கருகிப் போச்சு. காரணம் ஒரு மெயில். புள்ளி, கமா ஒண்ணும் கிடையாது. அப்படியே எடுத்து எழுதுறேன்:

"வணக்கம் நான் தான் புளியமரத்து ஸ்டாப் எடுத்த வீரபுத்திரன் அருப்புக்கோட்டை உங்கள் கட்டுரை படித்தேன் தினமும் படிக்கிறேன் படமும் தினமும் பார்க்கிறேன் நன்றி போனில் பேசலாமா"

நான் எழுதினதுலயே எனக்கு ரொம்பப் பெருமையான கட்டுரை அது. 'புளியமரத்து ஸ்டாப்' படத்தப் பத்திப் போன வருசம் எழுதினது. அந்தக் காலத்து வீடியோ கேசட்லருந்து யாரோ யூடியூப்ல ஏத்தியிருந்த படம். கலர் எல்லாம் வெளிறிப் போயி, முகமெல்லாம் ஆரஞ்சு கலர்ல கிடக்கும்.

கதை ஒண்ணும் பெருசில்ல. ஒரு புளியமரம், அதுக்கடியில பஸ் ஸ்டாப், பக்கத்துல ஒருத்தன் சைக்கிள் கடை வச்சிருக்கான். அவன் பொண்டாட்டி ஒரு நாள் டவுனுக்குப் போனவ புயல்ல செத்துப் போறா. புயல்ல மரத்துக் கிளையும் ஒடிஞ்சு விழுது. ஒடிஞ்ச கிளைக்குக் கீழ அவன் தனியா உக்காந்திருக்கான். 'வணக்கம்'னு போட்டுருது. படம் முடிஞ்சதுன்னு நினைச்சு நான் பாத்திரம் கழுவ எந்திரிச்சேன். திடீர்னு பாட்டுச் சத்தம் கேக்குது! திரும்பிப் பாத்தா அவ உயிரோட வாரா. சண்டை போடுறா, சிரிக்கிறா, பஸ் ஏறி டவுனுக்குப் போறா. அவ்வளவுதான், படம் நின்னுருது.

அன்னைக்கு நான் அழுத அழுகை! எழுதினேன் பாருங்க, இப்ப படிச்சாலும் புல்லரிக்குது: "ஒடிந்த கிளை மீண்டும் தழைத்து நிற்கிறது. மரணத்தைத் தாண்டிய நம்பிக்கைக்கு இத்தகைய குறியீடு தமிழ்த் திரையில் அரிது. முடிந்துவிட்டதாக அறிவித்த பிறகும் முடிய மறுக்கிற துணிச்சல் இந்த இயக்குநருக்கு இருக்கிறது. 'வணக்கம்' போட்ட பிறகு அணைத்துவிடாதீர்கள். காத்திருங்கள்."

மத்தியானம் போன் பண்ணினேன். எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும்போல. மெதுவா, தயங்கித் தயங்கிப் பேசுறார். "முன்னாடியெல்லாம் நாங்க... நான் அந்தப் படத்தப் போட்டுப் பாக்குறதே இல்லம்மா. இப்ப காலையில டிபன் முடிச்சதும் போட்டுருவேன்."

ஏன் சார் அடுத்த படம் எடுக்கலன்னு கேட்டேன். நூல் கடை வச்சுட்டேன்மான்னார். டைட்டில்ல 'புதுமுகம் சுகந்தி'ன்னு போட்டிருக்கே, அந்தப் பொண்ணு வேற எதுல சார் நடிச்சது, எங்க தேடியும் பேரக் காணோமேன்னு கேட்டேன். லைன் கட்டாயிட்டோன்னு "ஹலோ, ஹலோ"ன்னேன்.

"அந்த ஒண்ணுலதான்மா நடிச்சுச்சு."

நல்ல நடிகை சார், வீணாப் போயிட்டாங்கன்னு சொன்னேன். ஆமாம்மான்னார்.

ஆகஸ்ட் 7, புதன்

பிரமிளாவுக்கு நானா பூரி வாங்கிக் கொடுத்தேன். என்னக்கா விசேஷம்னா. ஒண்ணுமில்ல, திங்குடின்னேன். நிறுத்துறதப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பூமி பிளந்து என்னை அப்படியே உள்ள இழுத்துக்கிட்டா நல்லா இருக்கும்.

கட்டுரைக்குக் கீழ ஒரு கமெண்ட். ராஜகுருன்னு ஒருத்தர், சாத்தூர்க்காரராம். "மேடம், இந்தப் படத்த ரிலீஸ் அன்னிக்கே தியேட்டர்ல பாத்தவன் நான். அந்தப் பொண்ணு பஸ் ஏறிப் போறது முதல்ல. சாகுறதுதான் கடைசி. கேசட் போட்டவன் கடைசி ரெண்டு ரீலையும் மாத்தி ஓட்டிட்டான். அதப் போயி துணிச்சல்னு எழுதியிருக்கீங்களே!" பக்கத்துல கண்ணுல தண்ணி வர சிரிக்கிற பொம்மை, வரிசையா.

அந்தக் காலத்துல படம் தனித்தனி ரீலாத்தான் வரும், ஒண்ணொண்ணா மாட்டி ஓட்டணும்னு எனக்குத் தெரியாதா? இவருக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்! போய் மறுபடி போட்டுப் பாத்தேன். கிளை. புயல்ல ஒடிஞ்ச கிளை அதுக்கப்புறம் முழுசா நிக்குது. ஒடியுறதுக்கு முன்னாடி எடுத்தது, நிக்காம என்ன செய்யும்? சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும். நான் அதக் குறியீடுன்னு எழுதியிருக்கேன். கடைசிக் காட்சி சட்டுனு நிக்குதே, அதுக்கு 'முற்றுப்பெறாமையின் அழகு'ன்னு ஒரு பத்தி வேற. ரீல் தீந்துபோனா நிக்காம பின்ன ஆடவா செய்யும்?

பிரமிளா கேட்டதுக்கு இப்ப பதில் கிடைச்சிட்டு. யாருமே பாக்காத படத்தப் பத்தி எழுதினா இதான் வசதி. என்னத்த வேணா எழுதலாம், ஒரு பய கேக்க மாட்டான்.

ஆகஸ்ட் 10, சனி

எங்க ஸ்கேன் சென்டர்ல ஒரு வழக்கம். ரிப்போர்ட்ல தப்பு விழுந்துட்டா கமுக்கமா வேற பேப்பர் அடிச்சுக் கொடுக்கக் கூடாது. மேல பெருசா 'திருத்தப்பட்டது'ன்னு போட்டு, என்ன தப்பு, எது சரின்னு எழுதித்தான் கொடுக்கணும். வலது கிட்னிக்கு இடதுன்னு அடிச்சு ஒரு தடவை டாக்டர்கிட்ட வாங்கிக் கட்டியிருக்கேன். அதுலருந்து நான் ரொம்பக் கறார்.

அதேபோல ஒரு திருத்தம் எழுதி வச்சிருக்கேன். அதோட அடியில 'இத்துடன் இந்தப் பக்கம் நிறைவு பெறுகிறது'ன்னும் சேத்துட்டேன். இன்னும் போடல.

போட முடியாததுக்குக் காரணம் வீரபுத்திரன் சார். படத்த எடுத்த மனுசனுக்கா ரீல் மாறினது தெரியாம இருக்கும்? தெரிஞ்சுக்கிட்டே நன்றி சொல்றாருன்னா என்ன அர்த்தம்? என்னை வச்சு வேடிக்கை பாக்குறாரா? தினமும் படிக்கிறேன்னாரே, தினமும் படிச்சு சிரிக்கிறாரோ?

இவர்கிட்ட பொருமினேன். ஆணி எடை போட்டுக்கிட்டே கேட்டார். "பெரிய மனுசன். வேலை மெனக்கெட்டு ஒன்னக் கிண்டல் பண்ணவா மெயில் போட்டுப் பேசுவாரு?"

"பின்ன?"

"அவருக்கு வயசாச்சுல்லா. மறந்திருப்பாரு."

அது இன்னும் மோசம். மறந்துட்டு, நான் எழுதினத நம்பி, இதான் நம்ம எடுத்த படம்னு சந்தோசமா உக்காந்திருந்தா? ஒரு வயசான மனுசனுக்கு ஒரே ஒரு நல்ல விமர்சனம். அதுவும் தப்பு. அத எப்படிப் பிடுங்குறது? பிடுங்காம எப்படி இருக்குறது?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

படம் பாக்கல. இவர் சோபாவுல புரண்டு புரண்டு படுத்தார். கடைசியில எந்திரிச்சுப் போய் ஸ்டூலப் போட்டு ஃபேனைத் துடைச்சார். ஆடிக் காத்துல துடைச்ச கையோட மறுபடி புழுதி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அவரே கூப்பிட்டார். சுதந்திர தினம் லீவுதானம்மா, வீட்டுக்கு வாங்களேன், சேந்து படம் பாக்கலாம்னார். "சார், அந்தக் கட்டுரையில ஒரு..."ன்னு ஆரம்பிச்சேன். "அத நேர்ல பேசிக்கலாம், சாருக்கு கோழி சேருமா?"ன்னு கேட்டார்.

இவருக்குக் கோழி நல்லாச் சேரும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு உக்காந்திருக்கேன். மறக்குறதுக்குள்ள எழுதிரணும். மறக்காது. இருந்தாலும்.

சாத்தூர்ல இறங்கி பஸ் மாறிப் போனோம். பைக்குள்ள திருத்தத்தப் பிரிண்ட் எடுத்து வச்சிருந்தேன். போனதும் அவர் கையில கொடுத்துட்டு, காலத் தொட்டுக் கும்பிட்டுட்டு, பேசாம திரும்பிரணும்னு திட்டம். வழியெல்லாம் இவர் ஜன்னலோரமாத் தூங்கிட்டு வந்தார்.

வீட்டுல மகன் மருமகளோட இருக்கார். ஒல்லியா, வெள்ளை பனியனும் வேட்டியுமா வாசல்லயே நின்னார். "வாங்கம்மா, வாங்க சார்." மருமக காப்பி கொண்டு வந்தா. நான் பையத் திறக்குறதுக்குள்ள டி.வி.ய போட்டுட்டார். "முழுசா வேணாம்மா, கடைசியில கொஞ்சம் பாப்போம்."

புயல் வருது. கிளை ஒடியுது. ஆஸ்பத்திரி வராண்டா. அந்தப் பொண்ண வெள்ளைத் துணி போட்டு மூடுறாங்க.

சார் எந்திரிச்சுட்டார். டி.வி. பக்கம் முதுகக் காட்டிக்கிட்டு, கொடியில கிடந்த துண்ட எடுத்து உதறி மடிச்சார். மறுபடி பிரிச்சு மடிச்சார். சொம்புல தண்ணி எடுத்துட்டுப் போய் வாசல் துளசிக்கு ஊத்தினார். எனக்கு ஒண்ணும் புரியல. கூப்பிட்டு உக்கார வச்சுட்டு சார் எங்க போறாருன்னு இருந்துச்சு. மருமக என்னைப் பாத்து, இருங்கன்னு கையக் காட்டினா.

'வணக்கம்' வந்துச்சு. திரை இருட்டாச்சு. சார் வேக வேகமா உள்ள வந்து நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டு உக்காந்தார். ரிமோட்ட எடுத்து சத்தத்தக் கூட்டி வச்சார்.

பாட்டு. கிளை முழுசா இருக்கு. அந்தப் பொண்ணு மஞ்சப் பையோட ஓடி வாரா. புருசன்கூட பொய்ச் சண்டை போடுறா. பஸ் வருது. ஏறி, ஜன்னல் வழியாத் தலைய நீட்டி, "சாயங்காலம் வந்துருவேன். புளிய ஊறப் போட்டு வைங்க!"ன்னு கத்துறா. முடி காத்துல முகத்துல விழுது. மூக்குக்குப் பக்கத்துல மச்சம்.

சார் டி.வி.யப் பாத்து, "சரி"ன்னார்.

மெதுவாத்தான் சொன்னார். வீட்டுல பேசிக்கிறமாதிரி. படம் நின்னுபோச்சு.

நான் எதுக்கு அப்ப அண்ணாந்து சுவத்தப் பாத்தேன்னு தெரியல. டி.வி.க்கு மேல மாலை போட்ட போட்டோ. வந்ததுலருந்து என் கண்ணு முன்னாலதான் இருந்திருக்கு. நரைச்ச தலை, கண்ணாடி, கனத்த முகம். மூக்குக்குப் பக்கத்துல மச்சம்.

நல்ல நடிகை சார், வீணாப் போயிட்டாங்கன்னு சொன்னேனே. என் வாயில மண்ணள்ளிப் போட.

"பேரு தனபாக்கியம்மா. சுகந்திங்கிறது படத்துக்கு வச்சது. கூப்பிட்டிருந்த பொண்ணு கடைசி நேரத்துல வரமாட்டேன்னு சொல்லிட்டு. அதான் என் சம்சாரத்தையே நிக்க வச்சேன். திட்டிக்கிட்டே நடிச்சா." சிரிச்சார். "போன தை மாசம் தவறிட்டா."

நான் அழுதேன். இவரு என் முதுகுல கைய வச்சார். எப்ப முழிச்சார்னு தெரியல. இல்ல, தூங்கவே இல்லையோ என்னமோ.

பிரிண்ட் எடுத்தத நீட்டினேன். "சார், நான் தப்பா எழுதிட்டேன். ரீல் மாறினது தெரியாம..."

"எனக்குத் தெரியாதாம்மா? ராத்திரி பகலா உக்காந்து நான் ஒட்டின படம்லா."

"அப்புறம் ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லல?"

வேட்டி முனைய உருட்டிக்கிட்டே சொன்னார். அவர் சொன்னது சொன்னபடியே எழுத முடியுதான்னு பாக்குறேன்.

"அவ போனப்புறம் ஒரு நாள், அவ முகத்தப் பாக்கணும்னு இருந்துச்சு. படத்தப் போட்டேன். வரிசை மாறியிருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நேரா அவ சாகுற எடம் வந்துட்டு. 'வணக்கம்' போட்டுச்சு. அணைச்சுட்டேன். இனிமே இந்தப் படத்தத் தொடக்கூடாதுன்னு இருந்தேன். அப்பத்தான் பேரன் உங்க கட்டுரையக் காட்டினான். அதுல ஒரு வரி. 'வணக்கம் போட்ட பிறகு அணைத்துவிடாதீர்கள், காத்திருங்கள்.' என்னடா இந்தம்மா, அதுக்குமேல என்ன இருக்குன்னு எழுதியிருக்குன்னு... போட்டேன். காத்திருந்தேன்." டி.வி. பக்கம் கையக் காட்டினார். "வந்துட்டாம்மா."

மருமக உள்ள போயிட்டா. சமையக்கட்டுல பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"எடுத்தவன் நானு. நானே அணைச்சுட்டேன். வேற எவனும் அதுக்கு மேல பாத்திருக்க மாட்டான். நீங்க உக்காந்து பாத்து, எழுதியும் வச்சிருந்தீங்க."

நான் பாத்திரம் கழுவ எந்திரிச்சேன், திரும்பிப் பாத்தது தற்செயல்னு சொல்ல வந்தேன். சொல்லல.

திருத்தத்தப் போடட்டுமான்னு கேட்டேன். போடலன்னா எனக்குத் தூக்கம் வராது, போட்டா உங்க மனசு கஷ்டப்படுமான்னு நேரடியாவே கேட்டுட்டேன். கண்ணாடியப் போட்டு முழுசாப் படிச்சார்.

"போடுங்கம்மா. அந்தக் கிளை வெவகாரத்த எடுத்துருங்க, எனக்கே கூச்சமா இருக்கு. துணிச்சல்னு போட்டிருக்கீங்களே, அதையும் எடுத்துருங்க, அது கேசட் போட்டவனோடது." அப்பத்தான் வாய்விட்டுச் சிரிச்சார். "அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துராதீங்க."

அப்புறம் கடைசி வரியில விரல வச்சார். 'இத்துடன் இந்தப் பக்கம் நிறைவு பெறுகிறது.' "இது என்னது?"

"அது... சும்மா சார்."

"சும்மான்னா எடுத்துருங்க."

கோழிக் குழம்பு நல்ல காரம். இவர் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. காரம்னு சொல்லிக்கிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

திருத்தம் போட்டாச்சு. மேல பெருசா 'திருத்தப்பட்டது'. கிளை போச்சு, குறியீடு போச்சு, முற்றுப்பெறாமையின் அழகு மொத்தமாப் போச்சு. ராஜகுருவுக்கு நன்றின்னு பேரு போட்டு எழுதினேன். படத்தோட சரியான வரிசை இன்னதுன்னு விளக்கமா எழுதிட்டு, அடியில அந்த வரிய அப்படியே விட்டுட்டேன். ஏன் விட்டேன்னு காரணம் எழுதல. அது அவங்க வீட்டு விசயம்.

சாயங்காலம் ராஜகுரு கேட்டிருந்தார்: "எல்லாத்தையும் எடுத்துட்டு அத மட்டும் ஏன் மேடம் வச்சிருக்கீங்க?"

இருக்கட்டும் சார்னு பதில் போட்டேன்.

பிரமிளா சாப்பாட்டு நேரத்துல, "அக்கா, நிறுத்தப் போறேன்னீங்களே?"ன்னா. நான் எப்ப சொன்னேன், நீ கனவு கண்டியான்னு கேட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புதுசா ஒண்ணு மாட்டியிருக்கு. ரெண்டு நாள்தான் ஓடுச்சாம். பாத்தா ரெண்டு நாள் எப்படி ஓடுச்சுன்னுதான் ஆச்சரியமா இருக்கு. கதாநாயகன் வாழைத்தாரால ஆள அடிக்கிறான். இவர் வழக்கம்போல பேர் போடும்போதே குறட்டை. நான் குறிப்பெடுத்துக்கிட்டே வெங்காயம் உரிச்சேன்.

எல்லாரும் கோயில் வாசல்ல வரிசையா நின்னு சிரிக்கிறாங்க. 'சுபம்' போட்டுச்சு. திரை இருட்டாச்சு.

சத்தம் நின்னதும் இவருக்கு முழிப்பு வந்துட்டு. எந்திரிச்சு வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு ரிமோட்டத் தேடினார்.

"முடிஞ்சிட்டுல்லா, அணைச்சிரவா?"

"இருங்க"ன்னேன்.

மறுபடி என் பக்கத்துல வந்து உக்காந்தார். திரையில ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தோம்.